இறக்கி வைத்த சுத்தியல்

அத்தியாயம் 6

"கடைக்குள்ள போனதும் முதல்ல வாயை மூடிக்க," என்றாள் தனியார் துப்பறிவாளர் ரோவீனா டட்டில்.

"மூடிக்கிறேன் பாஸ். மூக்கு வழியா பேசிக்கிறேன்," என்றான் அவள் உதவியாளன் டினோ ஒலிவாரெஸ்.

காரின் கடிகாரம் மூன்று பத்து காட்டியது. ஐந்து மணிக்கு மாவட்டச் சிறையில் டார்லா வைஸ் என்ற இருபத்துநாலு வயதுப் பெண் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடப் போகிறாள். 'நான்தான் கொன்றேன்' என்று ஒப்புக்கொண்டால் இருபத்திரண்டு வருடம். ஒப்புக்கொள்ளாமல் வழக்காடித் தோற்றால் ஆயுள் முழுக்க. அறுபது கேஸ் கட்டுகளைச் சுமந்து கொண்டு அலையும் இலவச வக்கீல் ஆம்புரோஸ், "போட்டுடு கண்ணு" என்று சொல்லிவிட்டார். நாய்களைக் குளிப்பாட்டிப் பிழைக்கிற பெண்ணுக்கு டெக்சாஸில் கிடைக்கிற சட்ட உதவி அவ்வளவுதான்.

கதை சின்னது. டார்லாவின் பழைய காதலன் ரிக் ஸ்டீகல், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் டயர் பட்டறையில் நெஞ்சில் ஒரே ஒரு தோட்டாவுடன் செத்துக் கிடந்தான். பக்கத்தில் வேலை மேசையின் மேல் டார்லாவின் புத்தம்புது பிஸ்டல். அவன் மிரட்டுகிறான் என்றுதான் அந்த வாரம் அதை வாங்கியிருந்தாள். ஷெரிஃபுக்கு அது போதும். இரண்டும் இரண்டும் நாலு என்று கூட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

டார்லா சொல்வது வேறு. "நான் இடது கைக்காரி. சுடாம பூட்டி வெக்கிற சேஃப்டி லீவர் இடது பக்கம்தான் இருந்தது, என் கட்டைவிரலுக்கு எட்டல. வலது பக்கமும் ஒண்ணு வெச்சுக் கொடுங்கன்னு வியாழக்கிழமை வாங்கின கடையிலயே திருப்பிக் கொடுத்தேன். அப்புறம் அதை நான் கண்ணாலயே பாக்கல."

கடை சொல்வது: சனிக்கிழமை வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

கடையை நம்பினார்கள். ரிக் ஸ்டீகலின் பெயரில் ஒரே வருடத்தில் அதே கடையிலிருந்து பதினாலு துப்பாக்கிகள் போயிருப்பதையும், அவன் வீட்டில் ஒன்றுகூட இல்லாததையும் யாரும் கேட்கவில்லை. சட்டப்படி துப்பாக்கி வாங்க முடியாத ஆட்களுக்கு ரிக் பினாமி. கடைக்குள் யாரோ ஒருவனுக்கு அது தெரியாமல் நடக்காது. கடைக்கு இரண்டே சாவிகள். முதலாளி மெர்ல் ஸ்டக்கியிடம் ஒன்று, விற்பனையாளன் லைல் பென்னிடம் ஒன்று.

ரோவீனா கோப்பிலிருந்து ஒரு புகைப்படத்தை உருவி டினோவின் மடியில் போட்டாள்.

"என்ன தெரியுது?"

"பிஸ்டல். மேசை. பாதி தின்ன பர்ரிட்டோ. செத்தவனுக்கு ருசி கம்மி பாஸ், பீன்ஸே இல்ல."

"பின்னாடி பாரு. சுத்தியல்."

பிஸ்டலின் பின்புறத்தில் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு இரும்புக் கொக்கி. அது முன்பக்கமாகப் படிந்து கிடந்தது.

"இது சிங்கிள் ஆக்‌ஷன். ட்ரிக்கருக்கு ஒரே வேலை, நிமிர்ந்து நிக்கிற சுத்தியலை விழ வைக்கிறது. அதை நிமிர்த்துறது ட்ரிக்கர் வேலை இல்ல. முதல் தடவை நீ கையால நிமிர்த்தணும். சுட்டப்புறம் மேல இருக்கிற ஸ்லைடு பின்னாடி ஓடி, அடுத்த தோட்டாவை ஏத்தி, சுத்தியலைத் தானே நிமிர்த்திடும். அப்ப ஒருத்தனைச் சுட்டுட்டுத் துப்பாக்கியைக் கீழ வெச்சா..."

"சுத்தியல் நிமிர்ந்துதான் நிக்கணும்."

"ரிப்போர்ட்ல என்ன எழுதியிருக்கான்? துப்பாக்கியோட குழல் அறைக்குள்ள தோட்டா இருக்கு, சுத்தியல் படிஞ்சிருக்கு. அதைப் படிய வைக்க ஒரே வழி, கட்டைவிரலால சுத்தியலைப் பிடிச்சுக்கிட்டு ட்ரிக்கரை அழுத்தி மெதுவா இறக்கணும். விரல் வழுக்கினா இன்னொரு தோட்டா பாயும். நாலு நாள் துப்பாக்கிக்காரி, ஒரு ஆளைக் கொன்னுட்டுக் கை நடுங்கும்போது இந்த வித்தையைப் பண்ணுவாளா?"

டினோ விசிலடித்தான். "இதை ஷெரிஃப் ஆளுங்க பாக்கலையா?"

"அவனுங்க இடுப்புல இருக்கிற துப்பாக்கிக்கு வெளிய சுத்தியலே கிடையாது. இல்லாத ஒண்ணு எப்படி இருக்கணும்னு அவனுங்களுக்கு எப்படித் தெரியும்? எழுதத் தெரியுது. எழுதினதைப் படிக்கத்தான் தெரியல."

*

கதவைத் திறந்ததும் எண்ணெய் வாசனையும் காபி வாசனையும் கலந்து முகத்தில் அடித்தன. சுவரில் ஒரு மானின் தலை, கடைக்கு வந்த எல்லோரையும் போலவே ஆச்சரியப்பட்டுக்கொண்டு. மூலையில் இரண்டு கிழவர்கள் மடக்கு நாற்காலிகளில் டோனட் தின்றுகொண்டிருந்தார்கள். எதையும் வாங்காமல் எல்லாவற்றுக்கும் விலை சொல்கிற இந்த வகை ஜீவன்கள் எல்லாத் துப்பாக்கிக் கடையிலும் உண்டு.

பின்னால் இடுக்கி மாட்டிய மேசையில் மெர்ல் ஸ்டக்கி எதையோ அராவிக்கொண்டிருந்தான். அறுபத்தாறு வயது. தொப்பைக்கு மேலே ஒரு தோல் ஏப்ரன், அதற்கு மேலே ஒரு ஏளனம். நிமிர்ந்து பார்த்தான், பார்த்தது பெண் என்று தெரிந்ததும் மறுபடி குனிந்துகொண்டான்.

"மிளகு ஸ்ப்ரே வாசல் பக்கம் இருக்கு அம்மணி."

"எனக்கு சிங்கிள் ஆக்‌ஷன் பிஸ்டல் வேணும்," என்றாள் ரோவீனா. "முதல் துப்பாக்கி."

கிழவர்களில் ஒருவர் டோனட்டோடு சிரிப்பையும் மென்றார்.

"முதல் துப்பாக்கியா?" ஸ்டக்கி அரத்தை நிறுத்தவில்லை. "கார் ஓட்டக் கத்துக்க ரேஸ் கார் கேட்டாளாம். ஏம்மா, டிவில எவனாவது பிடிச்சிருந்தானா?"

"மெர்ல் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க மேம்," என்று ஒரு மெல்லிய குரல் குறுக்கிட்டது. லைல் பென். முப்பது சொச்சம். தேய்த்த சட்டை, நகம் வெட்டிய விரல்கள், ஞாயிறு பள்ளி வாத்தியாரின் புன்னகை. "பதினோரு வருஷமா இந்தக் கவுண்டர்ல நிக்கிறேன். முதல் தடவை வாங்குறவங்கன்னா எனக்கு ரொம்ப சந்தோஷம். உட்காருங்க. காபி?"

இந்தக் கடையில் ஒரு மனிதனும் இருக்கிறானே என்று ரோவீனா நினைத்துக்கொண்டாள். பின்னால் அராவுகிற அந்த உருப்படியின் கட்டைவிரலைத்தான் பார்க்க வந்திருக்கிறோம் என்பதும் உறுதியாயிற்று. பெண்ணை ஒரு பொருட்டாக நினைக்காத பயல், அவள் துப்பாக்கியை எடுத்து அவள் தலையிலேயே கொலையைக் கட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

லைல் பச்சைக் கம்பளி விரிப்பின் மேல் முதல் பிஸ்டலை வைத்தான். ரோஜா நிறப் பிடி.

"அதை உங்க அம்மாவுக்கு வெச்சுக்கங்க," என்றாள் ரோவீனா.

"என் பாட்டி கல்லறைக்குக்கூட இந்தக் கலர் வேணாம்னுச்சு," என்றான் டினோ.

அடுத்தது மூன்றங்குலக் குழல், கைக்குள் அடங்கியது. "பர்ஸுல வெச்சுக்கலாம் மேம்."

"சின்னது சுடும்போது அதிகமா உதைக்கும். ஸ்லைடு ஸ்பிரிங்கும் இறுக்கமா இருக்கும், முதல் கைக்கு இழுக்க வராது. அஞ்சங்குலம் காட்டுங்க. முழு இரும்பு. தோட்டா ஒன்பது மில்லிமீட்டர் போதும், நாற்பத்தஞ்சு வேண்டாம். பிடி மெலிசா."

பின்னால் அரம் நின்றது.

"படிச்சிட்டு வந்திருக்கா," என்றான் ஸ்டக்கி, கிழவர்களைப் பார்த்து, கடையில் நாய் ஒன்று பேசியது போல.

"ஆமா. உங்க கடையில படிக்க எதுவும் இல்லையே."

லைல் பணிவாகச் சிரித்துக்கொண்டே மூன்றாவதை எடுத்தான். தோட்டாக் கூட்டைக் கழற்றினான். ஸ்லைடை இழுத்து அறை காலி என்று காட்டினான், விட்டான். சுத்தியல் நிமிர்ந்து நின்றது. நீட்டினான். ரோவீனா பிடித்துப் பார்த்தாள். எடை மணிக்கட்டில் உட்கார்ந்தது, ட்ரிக்கர் விரலுக்கு எட்டியது. டார்லா இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு மூளை இருந்தது, அதை எவனும் விசாரிக்கவில்லை.

திருப்பிக் கொடுத்தாள்.

லைல் வாங்கினான். டினோவிடம், "வெளிய வெயில் எப்படி?" என்று கேட்டுக்கொண்டே, கையைப் பார்க்காமலே, கட்டைவிரலைச் சுத்தியலின் மேல் வைத்து, ட்ரிக்கரை அழுத்தி, மெதுவாக இறக்கி, பச்சைக் கம்பளியில் படுக்க வைத்தான். ஒரு சத்தமும் இல்லை.

ரோவீனா அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு காட்டுங்க."

காட்டினான். திருப்பி வாங்கினான். கட்டைவிரல், ட்ரிக்கர், கம்பளி. இன்னொன்று. கட்டைவிரல், ட்ரிக்கர், கம்பளி.

"ஏன் அப்படி இறக்குறீங்க?" அவள் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள்.

"அதுவா?" லைல் தன் கையையே புதிதாகப் பார்த்தான். "சுத்தியல் நிமிர்ந்து நின்னா லேடீஸுக்குப் படபடப்பு வரும் மேம். பயந்துட்டு வாங்காமலே போயிடுவாங்க. அதான், கீழ வைக்கிறதுக்கு முன்னாடி நானே இறக்கிடுவேன். பழக்கமாயிடுச்சு."

"கெட்ட பழக்கம்!" ஸ்டக்கி மேசையிலிருந்தே கத்தினான். "என் கவுண்டர்ல வைக்கிற துப்பாக்கி வயித்தைத் திறந்துகிட்டு இருக்கணும், காலின்னு குருடனுக்கும் தெரியணும். நூறு தடவை சொல்லிட்டேன். நாளைக்குத் தோட்டா இருக்கிறதுல இதைப் பண்ணப்போற, விரல் வழுக்கும், கூரையில ஓட்டை விழும், மழைக்கு நான் பக்கெட் வைக்கணும்."

ரோவீனா தவறான ஆளை வெறுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நாக்கில் விஷம் உள்ளவன் வேறு. கையில் உள்ளவன் வேறு. அம்மணி, ஏம்மா என்று எகிறுகிற ஸ்டக்கியாவது அவளைச் சண்டை போடத் தகுந்தவளாக நினைத்தான். இந்த நகம் வெட்டிய விரல்களோ, பெண் என்றால் சுத்தியலைப் பார்த்தாலே மயங்கி விழுகிற ஜந்து என்று பதினோரு வருடமாக நினைத்து, அந்த நினைப்பையே தசையில் ஏற்றி வைத்திருந்தன.

டினோ அவள் காதருகே குனிந்தான். "ஆளு இவன்தான் பாஸ். ஆனா கோர்ட்ல கட்டைவிரலைக் காட்டினா, ஜட்ஜ் வேற விரலைக் காட்டுவாரு."

தெரியும். பழக்கம் சாட்சி ஆகாது. மணி நாலேகால் ஆகிவிட்டிருந்தது.

"இது எனக்குச் சரி," என்றாள் அவள், ஐந்தங்குலத்தைத் தட்டி. "ஆனா நான் இடது கை. வலது பக்கம் ஒரு சேஃப்டி லீவர் வேணும். எவ்வளவு நாளாகும்?"

"ஒரே நாள் மேம். மெர்ல் கைராசிக்காரர். போன வாரம்கூட ஒண்ணு, வெள்ளிக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு உட்கார்ந்தார், நாலு மணிக்கு முடிச்சுட்டு எழுந்துட்டார். இல்ல மெர்ல்?"

ஸ்டக்கி அரத்தை மறுபடி ஓட்ட ஆரம்பித்தான்.

வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரு வசவு வைத்திருந்த ஆள். புகழ்ச்சிக்குப் பதில் இல்லை. காதுகள் மட்டும் சிவந்தன.

ரோவீனா தன் அட்டையை எடுத்துக் கம்பளியில் வைத்தாள். "ரோவீனா டட்டில். டார்லா வைஸுக்காகத் துப்பறியுறேன். வெள்ளிக்கிழமை பண்ணது அவ பிஸ்டல்தானே?"

லைலின் புன்னகை அங்குலம்கூட நகரவில்லை. "பாவம் அந்தப் பொண்ணு. ஆமா மேம். சனிக்கிழமை காலையில பதினோரு மணிக்கு வந்து வாங்கிட்டுப் போனாங்க. நான்தான் புது லீவரை மேலயும் கீழயும் தட்டிக் காட்டினேன். ஷெரிஃப்கிட்ட எழுதிக் கையெழுத்தே போட்டுக் கொடுத்திருக்கேன்."

"பதினோரு மணிக்கா?" என்றான் ஸ்டக்கி.

அவன் குரலில் முதல் தடவையாக ஏளனம் இல்லை.

"நீங்க அப்ப இல்ல மெர்ல். சனிக்கிழமை பத்துலேருந்து பன்னெண்டு வரைக்கும் இவங்களோட டோனட் கடையில இருப்பீங்களே."

"உங்ககிட்ட ஷெரிஃப் எதுவும் கேக்கலையா மிஸ்டர் ஸ்டக்கி?" என்றாள் ரோவீனா.

"ஒரு பொடியனை அனுப்பினாரு. கேஸைப் பாக்க வந்தியா, ஓசிக் காபிக்கு வந்தியான்னு கேட்டேன். கோவிச்சுக்கிட்டு இவன்கிட்டப் போயிட்டான்." ஸ்டக்கி நெற்றியைத் துடைத்தான். "அவ சாயங்காலம் வந்திருப்பான்னு நெனச்சேன். நான் அஞ்சு மணிக்குக் கிளம்பினப்புறம்."

"ஏன் சாயங்காலம்? பிஸ்டல் வெள்ளிக்கிழமையே தயாராச்சே."

அவன் வாயைத் திறந்தான். கிழவர்களைப் பார்த்தான். கிழவர்கள் அவனைப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டான்.

ரோவீனாவுக்குப் புரிந்தது. அந்த லீவரைக் கடையில் வாங்கியபடியே மாட்ட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக அராவி உள்ளே பொருத்த வேண்டும். அரம் ஒரு மயிரிழை அதிகம் ஓடினால் சேஃப்டி எதையும் பூட்டாது, தூக்கி எறிய வேண்டியதுதான். கற்றுக்குட்டிகள் செய்கிற தப்பு. கற்றுக்குட்டிகளைப் பார்த்துச் சிரிப்பதையே தொழிலாக வைத்திருந்த ஒருவன் செய்தால்?

"கெடுத்துட்டீங்க," என்றாள்.

"நாற்பது வருஷத்துல ஒரு பாகத்தைக்கூட..."

"கெடுத்துட்டு மறைச்சுட்டீங்க. ஊரையே நக்கலடிச்ச உங்க வாய், இந்த ரெண்டு கிழவங்க முன்னாடி ஒரு தடவை மூடிக்கணுமேன்னு. இங்க பாருங்க. இன்னும் அரை மணி நேரத்துல ஒரு பொண்ணு இருபத்திரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப்போறா. வெளிய வரும்போது நாற்பத்தாறு வயசு. உங்க கௌரவத்தோட விலை அதுதான்னா சொல்லுங்க, நாங்க போயிடுறோம். ஆனா பதில் சொல்லும்போது அந்த மான் மூஞ்சிய வெச்சுக்காதீங்க, அங்க ஏற்கெனவே ஒண்ணு மாட்டியிருக்கு."

ஒரு கிழவரின் டோனட்டிலிருந்து சர்க்கரை தரையில் உதிர்ந்தது.

ஸ்டக்கி எழுந்தான். மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்தான், எண்ணெய்த் துணியை விலக்கினான், ஒரு சிறிய இரும்புத் துண்டை எடுத்து வந்து பச்சைக் கம்பளியில் வைத்தான். ஒரு முனை பளபளவென்று, அதிகமாகத் தேய்ந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நான் எழுந்தது முடிச்சு இல்ல. இதைக் கெடுத்து," என்றான். "பிஸ்டலை அக்கக்காக் கழட்டினபடியே இழுப்பறையில ஒளிச்சு வெச்சேன். சனிக்கிழமை டோனட் கடைக்குப் போகல."

"முதுகு வலின்னு சொன்னியே!" என்றார் ஒரு கிழவர்.

"அமரில்லோவுக்குப் போனேன். அங்க ஒரு கடையில வேற லீவர் வாங்கினேன். ரசீதுல ஒண்ணு நாற்பதுன்னு நேரம் அடிச்சிருக்கு. திரும்பி வந்து பின்வாசல் வழியா நுழைஞ்சு, உட்கார்ந்து மாட்டினேன். முடிக்கும்போது அஞ்சு ஆக அஞ்சு நிமிஷம். முடிஞ்ச வேலை வைக்கிற அலமாரியில வெச்சுட்டுக் கிளம்பினேன்." அவன் லைலின் பக்கம் திரும்பினான். "காலையில பதினோரு மணிக்கு அது துப்பாக்கியே இல்லடா. இருபது துண்டு இரும்பு. அதுல நீ எந்த லீவரைத் தட்டிக் காட்டின?"

லைல் இன்னும் புன்னகைத்துக்கொண்டிருந்தான். முகம் அதைக் கழற்ற மறந்துவிட்டது. "நேரம்... நேரம் கொஞ்சம் முன்னப்பின்ன..."

"நீ தப்பா ஞாபகம் வெச்சுக்கல. தேர்ந்தெடுத்த," என்றாள் ரோவீனா. "முதலாளி கடையில இல்லாத நேரமாப் பாத்து. சனிக்கிழமை அஞ்சு மணிக்கு மேல அந்த அலமாரியைத் திறக்க ஒருத்தன்கிட்டதான் சாவியும் காரணமும் இருந்தது. பதினாலு துப்பாக்கியைப் பத்தி ரிக் வாயைத் திறக்கப் போறான்னு தெரிஞ்சுதா, இல்ல பங்கு அதிகமாக் கேட்டானா?"

லைல் கவுண்டரின் பலகையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு நடந்தான், ஓடாமல், நாகரிகமாக. அங்கே டினோ கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். எப்போது போனான் என்று யாருக்கும் தெரியாது.

"பின்வாசல் வேலை ஆட்களுக்கு மட்டும்னு போர்டு இருக்கு சார்," என்றான் டினோ. "உங்களுக்கு வேலை போயிடுச்சுன்னு கேள்விப்பட்டேன்."

இரண்டு கிழவர்களும் எழுந்தார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் கடையில் ஒரு காரியம் செய்தார்கள்: முன்வாசலில் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். லைல் நடுக்கடையில் நின்றான். பிறகு தரையில் உட்கார்ந்தான்.

மணி நாலு நாற்பத்தொன்று. ரோவீனா ஆம்புரோஸின் எண்ணை அழுத்தி, ஃபோனைக் கம்பளியின் மேல் ஸ்பீக்கரில் வைத்தாள்.

"பேனா எடுத்துட்டா ரோவீனா," என்றார் வக்கீல். பின்னால் இரும்புக் கதவு ஒன்று அறைந்தது. "என்ன இருந்தாலும் சீக்கிரம்."

"பிடுங்குங்க. சனிக்கிழமை பதினோரு மணிக்கு அந்த பிஸ்டல் முழுசா இல்ல. சொல்ல சாட்சி இருக்கு."

"யாரு? என்னன்னு சொல்வாரு? பிராசிக்யூட்டர் பக்கத்துல இருக்காரு, அவரும் கேக்கட்டும்."

ரோவீனா ஃபோனை ஸ்டக்கியின் பக்கம் தள்ளினாள்.

"மெர்ல் ஸ்டக்கி," என்றான் அவன். அப்புறம் உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்தான்.

"கேக்கல. லைன் சரியில்ல. சத்தமா."

ஸ்டக்கி கண்ணை மூடிக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான்: "மெர்ல் ஸ்டக்கி! நாற்பது வருஷமா துப்பாக்கி வேலை! வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணோட சேஃப்டியை அதிகமா அராவிக் கெடுத்துட்டேன்! வெட்கத்துல மறைச்சேன்! சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் அவ பிஸ்டல் என் மேசையில துண்டு துண்டாக் கிடந்தது!"

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். யாரோ யாரிடமோ ஏதோ கேட்டார்கள். பிறகு, அழுது அழுது தடித்துப்போன ஒரு பெண் குரல், ஃபோனுக்கு மிக அருகில்:

"அவரை இன்னொரு தடவை சொல்லச் சொல்றீங்களா?"

மெர்ல் ஸ்டக்கி தோல் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு தடவை சொன்னார்.